இருபத்திரண்டாம் பொந்து

அந்த ஊரிலிருந்து பெரிய நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் தபால் நிலையத்தின் பின்வாசலுக்கு வருவார்கள். நகரத்தில் எந்தப் பகுதியில் தங்குவது என்று கேட்கத்தான். யாரிடம் கேட்டார்களோ, அந்த மனிதர் நகரத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகப் படவில்லை. அவருக்கோ அறவே படவில்லை.

முப்பத்தொரு வருடம் அவர் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்தவர். அவர் முன்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி. அதில் தேன்கூடு மாதிரி சதுரம் சதுரமாகப் பொந்துகள். பெரிய நகரம் தபாலுக்காக எண் போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதிக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு பொந்து. காலையில் மூட்டை அவிழ்ந்ததும் வலது கை தானாக வீச ஆரம்பிக்கும். கடிதங்கள் புறா மாதிரி பறந்துபோய் அதனதன் பொந்தில் உட்காரும். ஊரில் அவருக்குப் 'பொந்து சார்' என்று பெயர் விழுந்தது அப்படித்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நகரத்தை அவர் உறைகளை வைத்தே அறிந்திருந்தார். உறையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், எழுதியவர் எழுதும்போது அழுதாரா அல்லது வெங்காயம் நறுக்கினாரா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பதினொன்றாம் பகுதிக்குப் போகிற ஓர் உறையைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "இந்த வீட்டுல சீக்கிரம் பாகப்பிரிவினை" என்றார். அடுத்த மாதமே அந்த வீட்டுக் கடிதங்களில் கதவு எண்ணுக்குப் பின்னால் அ, ஆ, இ என்று மூன்று வால்கள் முளைத்திருந்தன. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், மூன்று வால்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் பிரித்தவர் அவர்.

ஆகவே ஆலோசனைகளும் கறாராக இருக்கும்.

"நாலுல தங்காதீங்க. ஸ்டேஷன் பக்கம்னு ஆசைப்படுவீங்க. அங்க போற கடிதத்துல பாதி, 'இன்னார் மூலமாக இன்னாருக்கு'. யாரும் நிலையா இல்லாத இடம். மூட்டைப்பூச்சி மட்டுந்தான் நிரந்தரக் குடி."

"பதினஞ்சு வேணாம். ஆஸ்பத்திரி ஏரியா. விலாசம் எழுதின கையெல்லாம் நடுங்கியிருக்கும். சும்மா போனவங்களும் மாத்திரையோடதான் திரும்புவாங்க."

"பத்தொன்பதா? உறையெல்லாம் சென்ட் வாசனை. உங்க வீட்டம்மா கூட வர்றாங்களா? வரலையா? அப்ப வேணவே வேணாம்."

பக்கத்து மேஜையில் முத்திரை குத்துகிற நண்பர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டொக்கு டொக்கென்று குத்துவார். "ஏம்ப்பா, போகாத ஊருக்கு இவ்வளவு வழி சொல்றியே, உனக்கு வெக்கமே இல்லையா?"

"டாக்டர் என்ன, எல்லா நோயும் வந்துட்டா வைத்தியம் பாக்கறார்?" என்பார் பொந்து சார். கை வீச்சு நிற்காது.

இத்தனை பொந்துகளில் அவருடைய செல்லம் இருபத்திரண்டு. மற்ற பகுதிகளிலிருந்து வாரந்தோறும் கடிதங்கள் திரும்பி வந்தபடி இருக்கும்: வீடு பூட்டியிருக்கிறது, குடி மாறிவிட்டார், அப்படி யாரும் இல்லை, வாங்க மறுத்தார். இருபத்திரண்டிலிருந்து மட்டும் பல வருடங்களாக ஒரு கடிதம்கூடத் திரும்பியதில்லை. கடிதம் திரும்பாத இடம் மனிதர்கள் வேர் விட்ட இடம் என்பது அவர் முடிவு. தட்டினால் கதவு திறக்கும், கூப்பிட்டால் பதில் வரும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும். நகரத்தில் மனிதர் குடியிருக்கத் தகுந்த இடம் என்றால் அதுதான்.

ஐந்து வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகளுக்கு நகரத்தில் மூக்குக்கண்ணாடி தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, எங்கே தங்குவது என்ற பேச்சே எழவில்லை. கம்பெனி ஏழாம் பகுதியில் இருந்தது. அங்கேயே தோழிகளோடு ஓர் அறை எடுத்துக்கொள்கிறேன் என்று மகள் சொல்லிப் பார்த்தாள்.

"ஏழா? ஏழுலேந்து வாரத்துக்கு முப்பது கடிதம் திரும்புது. இருபத்திரண்டுல பார்."

"அங்கேந்து ரெண்டு பஸ் மாறணும்ப்பா."

"மாறு. கால் வலிச்சா தைலம் தேச்சுக்கலாம்."

அவள் மாறினாள். அப்பாவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத பெண்.

முதல் மாதத்திலேயே கடிதம் வந்தது. இருபத்திரண்டாம் பகுதியில் செங்குத்தான ஒரு தெரு, மூன்றாவது மாடியில் ஓர் அறை, வீட்டுக்கார அம்மா நல்லவர், படிகள்தான் அதிகம். அவர் உடனே பதில் போட்டார். அடுத்த கடிதத்தில் அவள், "என் கடிதம் கிடைத்ததா? பதிலே இல்லையே" என்று எழுதியிருந்தாள். மறுபடி பதில் போட்டார். மூன்றாவது கடிதத்தில், "கோபமா அப்பா? அம்மாவையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்" என்றிருந்தது. அதற்கும் எழுதினார். நான்காவதும் அதே பல்லவி. அவருக்குச் சுருக்கென்றது.

"பாத்தியா உன் பொண்ணு லட்சணத்த? மூணு கடிதம் போட்டிருக்கேன். ஒண்ணும் வரலங்கறா. பொய்யை எழுதி அதுக்கு ஸ்டாம்பு வேற ஒட்டியிருக்கா."

மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒருவேளை நிஜமாவே போகலையோ என்னவோ."

"போகலன்னா திரும்பி வரும். திரும்பி வரலன்னா போயிருக்கு. இதுல மூணாவது வழியே கிடையாது. எனக்கா தபாலப் பத்திச் சொல்லித் தர்ற?"

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே."

"என்னப் பொய்யனாக்கறவ வாசல்ல போய் நிக்கணுமா நான்?"

ஏழாவது கடிதத்துக்குப் பிறகு மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதற்கு மறுவருடம் மனைவியின் வயிற்றில் கட்டி என்றார்கள். அவர் தன் பிடிவாதத்தை மடித்து வைத்துவிட்டு எழுதினார். கட்டி என்கிறார்கள், வா. ஆபரேஷன் என்கிறார்கள், வா. பயனில்லை என்கிறார்கள், வா. ஐந்து மாதத்தில் ஐந்து கடிதம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மனைவி தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். பால்காரராக இருக்கும்.

அவள் கண்ணை மூடிய அன்று, அவருடைய அக்கா தந்தி கொடுக்கச் சொன்னாள். அக்கா கணவனை இழந்தபின் அந்த வீட்டோடு இருப்பவள். எண்ணி நான்கு பல், எண்ண முடியாத வாய்.

"தந்தி குடுடா. பெத்த பொண்ணு முகத்தப் பாக்காம எப்படிடா தூக்கறது?"

"அஞ்சு கடிதத்துக்கு அசையாதவ நாலு வார்த்தைக்கு அசைஞ்சுடுவாளா?" என்றார் அவர்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் எழுதினார். அம்மா இறந்த தேதியைக் குறிப்பிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: "இனி இந்த வீட்டில் உனக்கு யாரும் இல்லை." தன் கையாலேயே அதை இருபத்திரண்டாம் பொந்தில் வீசினார். அன்றைக்கு வீச்சு கொஞ்சம் பலமாகப் போய்விட்டது. கடிதம் பின்பலகையில் மோதித் திரும்பி மேஜையில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். முத்திரைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது அவர் ஓய்வு பெற்றாயிற்று. ஓய்வூதியத்துக்காக நகரத்துத் தலைமைத் தபால் அலுவலகத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தாக்கீது வந்தது. போக, தங்க, வர மூன்று நாள். அறுபது வயதில் முதல்முறையாக அவர் நகரத்துக்குப் போகிறார்.

செய்தி பரவியதும் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் கேட்டுக்கொண்ட ஆலோசனையை வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

"சார், நாலுல தங்கிடாதீங்க, மூட்டைப்பூச்சி!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பத்தொன்பதுல தங்கட்டுமே. இவர் வீட்டம்மாவும் கூட வரல" என்று முத்திரைக்காரர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பொத்தான் கடை வைத்திருந்த பெண் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். அவள் கணவன் நகரத்தில் இருபத்திரண்டில் வேலை பார்க்கப் போனவன். சில வருடத்துக்கு முன் அவனிடமிருந்து பதில் வரவில்லை என்று இதே வாசலில் வந்து அழுதபோது, "கடிதம் போய்ச் சேந்துடுச்சும்மா, அவர்தான் போடல" என்று சொல்லியனுப்பியவர் இவர்தான்.

"இருபத்திரண்டு பக்கம் போவீங்களா சார்?"

"எனக்கு அங்க வேலை இல்லம்மா."

"சும்மாதான் கேட்டேன்." அவள் போய்விட்டாள்.

அன்று மாலை அவர் ஒரு தாளில் எண்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். கடைசியில் இருபத்து மூன்று மிஞ்சியிருந்தது.

"அதுல என்ன விசேஷம்?"

"அமைதியான இடம். கொஞ்சமா கடிதம் போகும், அதுவும் அச்சடிச்ச விலாசம். சத்தம் போடாத ஜனங்க."

"அது மட்டுமா? அலமாரியில இருபத்திரண்டுக்குப் பக்கத்துப் பொந்து."

"அதுக்கு நான் என்ன பண்றது? இருபத்திரண்டுக்கு அப்புறம் இருபத்து மூணுதானே வரும்."

"டேய், நான் ஒண்ணு சொல்லட்டா? இந்தத் தடவை விட்டா இனிமே நீ போகப்போறதில்ல. அவளும் வரப்போறதில்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தந்தி குடுக்கச் சொல்ற? அதையும் சொல்லிட்டுப் போ."

அவர் காதில் விழாத மாதிரி தாளை மடித்தார். ஆனால் அக்கா சொன்னதில்தான் எல்லாம் இருந்தது. மகள் தங்களை உதறிவிட்டாள் என்று இரண்டு வருடமாக நெஞ்சை இறுக்கி வைத்திருந்தார். அது உண்மைதானா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள இந்த மூன்று நாளைத் தவிர வேறு நாள் இல்லை. பக்கத்தில் தங்குவோம். தற்செயலாகத் தெருவில் எதிரே வந்தால் பார்ப்போம். வலியப் போய் நிற்க வேண்டாம். இப்படி ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு ரயில் நிலைய வாசலிலேயே பொடியாயிற்று.

"இருபத்து மூணுக்கா?" பேருந்து நடத்துநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரே, அங்க எல்லாம் கிடங்கு. மனுஷங்க எதுக்கு அங்க?"

"இருபத்திரண்டுக்குப் பக்கம்தானே?"

"யார் சொன்னா? இருபத்திரண்டு இந்தக் கோடி, இது அந்தக் கோடி. ரெண்டு மணி நேரம்."

போஸ்ட் ஆபீஸ் எது முதலில் திறந்ததோ, அந்த வரிசையில்தான் நகரத்துக்கு எண் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் ஒரே வருடத்தில் திறக்கப்பட்டவை. அதைத் தாண்டி ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. அவர் நகரத்தை அறிந்திருந்ததாக எண்ணியதெல்லாம் ஓர் அலமாரியைத்தான்.

தங்க இடம் கிடைத்ததே பெரிய பாடு. லாரி ஓட்டுநர்களுக்காக ஒரு கிடங்கின் மேல் கட்டியிருந்த அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் எதிர்க் கிடங்கின் சுவர். படுக்கை விரிப்பில் கிரீஸ் கறை. அச்சடித்த விலாசமெல்லாம் கம்பெனிகளுக்கு. சத்தம் போடாத ஜனங்கள் என்று அவர் சொன்னது உண்மைதான், அங்கே ஜனங்களே இல்லை. சொன்னால் ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். சிரிக்க வேண்டியவள் ஒருத்தி இப்போது இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்குப் போனார். ஓய்வூதியப் பிரிவில் ஓர் இளம் பெண் எழுத்தர் அவர் காகிதங்களை வாங்கிப் பார்த்தாள். கலகலப்பானவள்.

"முப்பத்தொரு வருஷமா? நகரத் தபால் முழுக்க நீங்கதானா? அப்ப எங்களவிட உங்களுக்குத்தான் ஊர் நல்லா தெரியும்."

இத்தனை அடி பட்டும் அவருக்குள் இருந்த பழைய பெருமை லேசாகத் தலையைத் தூக்கியது. "எல்லாப் பகுதியும் அத்துப்படி. அதுலயும் உங்க இருபத்திரண்டு இருக்கே, தங்கம். ஒரு கடிதம் திரும்பினதில்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், நீங்க கிண்டல் பண்றீங்களா?"

"ஏம்மா?"

"உங்க ஆபீசுக்குச் சுற்றறிக்கை வரலையா? எட்டு மாசம் ஆச்சே."

வந்திருக்கும். பழுப்பு உறையில் வந்திருக்கும். அலுவலக அதிகாரியின் தட்டில் அவரே போட்டிருப்பார். உள்ளே இருப்பதைப் படிப்பது பிரிக்கிறவரின் வேலை இல்லை.

அவள் சொன்னாள். இருபத்திரண்டில் ஒரே தபால்காரர்தான் பன்னிரண்டு வருடமாக இருந்தார். எல்லாம் மேட்டுத் தெரு, எல்லாம் மாடிப்படி. அவருக்கு முட்டியும் போயிற்று, கண்ணும் போயிற்று. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மூடி மறைத்தார். பதிவுத் தபாலையும் பணவிடையையும் யாரையாவது விலாசம் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார். கீழ்த்தளத்துக் கடிதங்களையும் கொடுத்துவிடுவார். மிச்சத்தைத் திருப்பி அனுப்பலாம் என்றால், ஒவ்வொன்றின் மேலும் காரணம் எழுத வேண்டும். கண் தெரியாதவர் என்ன எழுதுவார்? வீட்டுக்குக் கொண்டுபோனார். எட்டு மாதம் முன் அவர் இறந்ததும், வீட்டைக் காலி பண்ணப் போனவர்கள் ஓர் அறைக் கதவைத் திறக்க முடியாமல் உடைத்தார்கள். உள்ளே கூரைவரை கடிதம்.

"ஒண்ணையும் பிரிக்கல சார். ஒண்ணையும் எரிக்கல. அடுக்கி வெச்சிருந்தாரு. கீழ நிலவறையில வெச்சுப் பழசுலேந்து தெருவாரியாப் பிரிச்சுப் பட்டுவாடா பண்றாங்க. இப்பதான் ஏழு வருஷத்துக்கு முந்தினதுல இருக்காங்க."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், கையெழுத்து..."

நிலவறையில் ஈரக் காகித வாடை. நீளமான மேஜையில் நான்கு பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மா வழிமறித்தாள்.

"வாங்க வேண்டியவங்களுக்குத்தான் குடுப்போம் பெரியவரே. இல்லன்னா அனுப்பினவங்க கையெழுத்த ஒத்துப் பாக்கணும்."

அவர் ஒரு தாள் வாங்கி மகளின் விலாசத்தை எழுதினார். முப்பத்தொரு வருடத்துக் கையெழுத்து அது, வரியை விட்டு இறங்கவில்லை. "நானும் பிரிக்கிறவன்தாம்மா. உக்காந்து தேடிக்கறேன்."

கடைசி ஐந்து வருட மூட்டைகளைக் காட்டினார்கள். தரையில் உட்கார்ந்தார். முதலில் கை தடுமாறியது. பிறகு அதுவாக வீச ஆரம்பித்தது. மேல்தளம், இடத்தெரு, வலத்தெரு, கதவு எண். நான்கு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "மனுஷனா மெஷினா?" என்றாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மனிதர் தன் கையெழுத்தையே தேடிக்கொண்டிருந்தார்.

முதல் கடிதம் பதினொன்றரை மணிக்கு அகப்பட்டது. ஒட்டின இடம் ஒட்டினபடி. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பொய் சொல்லாதே என்று எழுதியது. வா என்று எழுதிய ஐந்தும். நடுவே உருண்டை உருண்டையான எழுத்தில் பதினேழு கடிதங்கள் வந்தன. விலாசத்தில் பொத்தான் கடைக்காரியின் கணவன் பெயர். அவற்றை மேஜைமேல் தனியாக வைத்தார். "இத மட்டும் முதல்ல குடுத்துடுங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்" என்றார். அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறானோ, எப்போதோ மனம் கசந்து போய்விட்டானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மத்தியானத்துக்கு மேல் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது. தேதி முத்திரையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது மனப்பாடம். அப்போதுதான், ஈரமான தரையில் உட்கார்ந்தபடியே, ஒன்று அவருக்கு முழுசாக உறைத்தது. அம்மா இறந்தது மகளுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அந்தப் பெண்ணின் உலகத்தில் அவள் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

அதற்குக் கீழே இன்னும் ஓர் உறை இருந்தது. மலிவான உறை. எழுத்துகள் ஏறியும் இறங்கியும், ஒரு இடத்தில் அடித்து மறுபடி எழுதி. மனைவியின் கை. அவள் எழுதியது அவருக்குத் தெரியாது. முத்திரை ஒரு வியாழக்கிழமை. வியாழன் அவருக்கு விடுமுறை நாள். அலமாரி முன்னால் முத்திரைக்காரர் நிற்கிற நாள். படுத்த படுக்கையாக இருந்தவள், யார் கையில் கொடுத்தனுப்பினாளோ. முத்திரைக்காரர் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. அவளும்தான்.

கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி நூலால் கட்டினார். தன் கடைசிக் கடிதத்தை மட்டும் கட்டுக்குள் வைக்காமல் சட்டையின் உள்பைக்குள் போட்டுக்கொண்டார். அதைக் கிழித்தெறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வழியெல்லாம், பேருந்தில், இரண்டாவது பேருந்தில், அதே யோசனை.

இருபத்திரண்டாம் பகுதி அவர் நினைத்த மாதிரி இல்லை. செங்குத்தான தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி உயரமான வீடுகள். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் பக்கத்து வீட்டு எண்ணைக் கேட்டார். "தெரியாது" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். இந்தப் படியைத்தானே அந்தத் தபால்காரரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்? திட்ட வாய் வரவில்லை.

கதவைத் தட்டினார். மகள் திறந்தாள். இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அவள் கண்ணாடி போட்டு அவர் பார்த்ததில்லை. அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதடு கோணியது.

"அஞ்சு வருஷம்" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு வரி இல்ல. ஒரு வார்த்தை இல்ல. நான் என்னப்பா பண்ணேன்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். அவர் எங்கேயும் தனியாகப் போகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சட்டென்று முகம் மாறியது. அவரை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஓடினாள். பாதி உடம்பைக் கீழே வளைத்துக் கூப்பிட்டாள்.

"அம்மா! அவசரப்படாம ஏறி வா. இரு, நான் கீழ வரேன். முட்டி வலிக்கும்."

இரண்டு படி இறங்கியும்விட்டாள்.

"பாப்பா" என்றார் அவர். அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. "அம்மா கீழ இல்லம்மா."

"ஊர்லயா இருக்கா? ஏன் கூட்டிட்டு வரல?"

அவர் தலையை ஆட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. வயித்துல கட்டி."

கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு நீங்க சொல்லல" என்றாள். "அம்மா செத்ததக்கூட எனக்குச் சொல்லல."

அவர் கடிதக் கட்டை நீட்டி, தபால்காரரைப் பற்றியும், கண்ணைப் பற்றியும், கூரைவரை அடுக்கியிருந்த அறையைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்லத் தனக்கே அது கட்டுக்கதை மாதிரி ஒலித்தது. அவள் கட்டை வாங்கி நூலை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு கண் ஓட்டினாள். வா, வா, வா. அவர் கையெழுத்தில் கடைசியாக இருந்ததை எடுத்தாள்.

"இது அம்மா போறதுக்கு முன்னாடி போட்டது. அதுக்கு அப்புறம்?"

எழுதினார் என்பதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான். கொடுக்காவிட்டால், அவர் சொல்லாமல் இருந்தவர். கொடுத்தால், அந்தக் கடைசி வரியைச் சொன்னவர். கை சட்டையின் மேல் போயிற்று. பிறகு உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் பிரித்துப் படித்தாள். சின்னக் கடிதம். படிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம். மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்து அவரிடம் நீட்டினாள்.

"இத நீங்களே வெச்சுக்குங்க."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. திரும்பி வரலையேன்னு..."

"நான் பொய் சொல்லுவேன்னு நெனச்சீங்க இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தபால் தப்பாப் போகும்னு தோணல. பொண்ணு தப்பாப் போவான்னு தோணுச்சு."

அவர் அவள் பக்கம் குனிந்தார். கட்டுக்கு அடியிலிருந்த மலிவான உறையை எடுத்து அவள் கையில் வைத்தார். "இது அம்மா எழுதினது. எனக்குத் தெரியாது. நான் பிரிக்கல."

விலாசத்தில் அடித்து எழுதியிருந்த இடத்தை அவள் விரலால் தடவினாள். பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

"இருபத்து மூணுல."

"அங்கயா? அது ஊரோட அந்தக் கோடி." அவள் உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அங்க போற கடைசி பஸ் ஆறு மணிக்கு. இப்ப கிளம்பினாத்தான் பிடிக்கலாம்."

திறந்த கதவு வழியாக அறை தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மடித்து வைத்த பாய் ஒன்று. ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை.

"இன்னிக்கு நான் அம்மாவோட இருந்துக்கறேன்" என்றாள். "நீங்க நாளைக்கு வாங்க."

நாளைக் காலை ஏழு மணிக்கு அவருக்கு ஊருக்கு ரயில். டிக்கெட் பையில் இருந்தது. வேண்டிய கையெழுத்தை இன்னும் போடவில்லை. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி நின்றார்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.